விர்ஜினியா 1861: நினைவில் நின்றதும் நழுவியதும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், 1861-இல் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிவதா என்று முடிவெடுக்கக் கூடிய விர்ஜினியா பிரிவினை மாநாட்டில் பிரதிநிதிகளாக இருந்த சிலர் முதுமையில் எழுதிய நினைவுகளைத் தேடிப் படித்தேன். பிரிய மனமில்லாமல்தான் இருந்தோம், அதிபர் லிங்கன் ஏற்கனவே பிரிந்த தென்மாநிலங்களின் மேல் அனுப்ப எங்களிடமே படை கேட்டதால் பிரிந்தோம் என்பதே பெரும்பாலும் அவர்கள் சொல்வது. கண்ணீரோடு வாக்களித்தவர்களைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்துப்போனது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அடிமைமுறைதான் காரணம் என்பது வென்றவர்கள் பிற்பாடு சேர்த்துக்கொண்டதா?

க., ஓசூர்

அன்புள்ள க.,

அந்த நினைவுகளில் பொய் குறைவு, விடுபட்டதுதான் அதிகம்.

அவர்கள் சொல்லும் திருப்பம் நடந்தது. ஏப்ரல் 4 அன்று பிரிவினைத் தீர்மானம் 45-க்கு 88 என்று தோற்றது. ஏப்ரல் 12-இல் தென் கரோலினாவில் மத்திய அரசுப் படை இருந்த சம்டர் கோட்டையைப் பிரிந்த மாநிலங்களின் படை தாக்கியது, 15-இல் லிங்கன் 75,000 படைவீரர்களைக் கேட்டார், 17-ஆம் தேதி அதே மாநாடு 88-க்கு 55 என்று பிரிவினையை ஏற்றது. இரண்டு வாரத்துக்குள் இவ்வளவு பேர் மனம் மாறினார்கள் என்றால் அந்தத் தவிப்பை நடிப்பென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் மாநாடு பிப்ரவரி 13-இலேயே கூடிவிட்டது. அந்த இரண்டு மாதம் அவர்கள் என்ன பேசினார்கள்? பேச்சுகள் அப்போதே குறிப்பெடுக்கப்பட்டு, மாநாடு நடந்த தலைநகர் ரிச்மண்டின் செய்தித்தாளில் வெளிவந்தன. 1965-இல் நான்கு பெரிய தொகுதிகளாகவும் அச்சாயின. நீங்கள் கேட்கும் கேள்விக்கு அவற்றில் பதில் இருக்கிறது. ஏற்கனவே பிரிந்த மாநிலங்களின் தூதர்கள் பிப்ரவரி 18, 19 தேதிகளில் அவையில் பேசினார்கள். ஜார்ஜியாவிலிருந்து வந்த ஹென்றி பென்னிங் சுற்றி வளைக்கவே இல்லை. வடக்கிலிருந்து பிரிந்தால்தான் அடிமைமுறை ஒழிக்கப்படாமல் தப்பும் என்ற உறுதியால்தான் எங்கள் மாநிலம் பிரிந்தது என்றார். லிங்கன் அப்போது பதவியேற்கக்கூட இல்லை. வென்றவர் எவரும் பிற்பாடு சேர்த்ததல்ல இது.

நினைவுக் குறிப்புகளில் அதிகம் தலைகாட்டாத வரி விவாதத்தையும் படித்துப்பாருங்கள். விர்ஜினியாவில் அன்று 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட அடிமைக்கு வரியே கிடையாது. அதற்கு மேற்பட்டவரை என்ன விலைக்கு வாங்கியிருந்தாலும் 300 டாலர் நிலத்துக்கு உண்டான வரிதான். திடகாத்திரமான ஓர் இளைஞன் ரிச்மண்ட் ஏலத்தில் ஆயிரம் டாலருக்கு மேல் போன காலம் அது. மேற்கே மலைப்பகுதி விவசாயியோ தன் நிலத்துக்கும் மாட்டுக்கும் முழு மதிப்பில் வரி கட்டினான். இது என்ன நியாயம் என்று வெயிட்மன் வில்லி போன்ற மேற்குப் பிரதிநிதிகள் கேட்டார்கள். ஒரு மனிதனின் சந்தை விலையில் எத்தனை பங்குக்கு வரி போடலாம் என்று அவை நாள்கணக்கில் வாதிட்டது. அந்தச் சந்தை இருந்த ஷாக்கோ பகுதி அவர்கள் நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்தது. மாநிலத்தின் சுமார் 16 லட்சம் பேரில் 4.9 லட்சம் பேர் அடிமைகள். அவர்கள் சார்பில் அந்த அவையில் யாரும் இல்லை. மேற்கின் அதிருப்தி அதோடு நிற்காமல் 1863-இல் மேற்கு விர்ஜினியா என்ற தனி மாநிலமாகவே ஆனது.

நேரில் கண்டவர் என்பதாலேயே நம்பிவிடலாமா? ஜான் பால்ட்வின் என்ற பிரதிநிதி ஏப்ரல் 4 அன்று லிங்கனைத் தனியே சந்தித்தார். மாநாட்டைக் கலைத்தால் சம்டர் கோட்டையைக் காலி செய்கிறேன் என்று பால்ட்வினிடம் சொன்னதாக லிங்கனே தன்னிடம் கூறினார் என்றார், பிரிவினையை எதிர்த்த விர்ஜினியா அரசியல்வாதி ஜான் பாட்ஸ். அப்படி ஒரு பேச்சே எழவில்லை என்றார் பால்ட்வின். போர் முடிந்து 1866-இல் காங்கிரஸ் குழுவின் முன் இருவரும் சாட்சி சொன்னார்கள். முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

ஆனாலும் நினைவுகளை ஒதுக்கிவிடாதீர்கள். ஏப்ரல் 17-இன் ரகசியக் கூட்டத்தை எனக்குக் கண்முன் நிறுத்தியவை அவைதான். முன்னாள் ஆளுநர் ஹென்றி வைஸ் ஒரு நீண்ட கைத்துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைக்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், இந்நேரம் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் இருந்த மத்திய அரசின் ஆயுதக் கிடங்கை நோக்கி ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்கிறார். ஆளுநரின் உத்தரவு இல்லாமல் அவரே முடுக்கிவிட்ட காரியம் அது. வாக்கெடுப்பு இன்னும் முடியவில்லை! அந்த அவையில் நிலவிய அச்சத்தை எண்ணிக்கைகளை மட்டும் வைத்து உணர முடியாது.

கடைசியாக, எழுதியவர் எந்த நாற்காலியிலிருந்து எழுதுகிறார் என்று பாருங்கள். ஜூபல் ஏர்லி இரண்டு வாக்கெடுப்பிலும் பிரிவினையை எதிர்த்தவர். பிறகு, பிரிந்த தென்மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் தளபதியானார். தோற்றபின், தெற்கு போராடியது அடிமைமுறைக்காக அல்ல, உரிமைக்காக என்ற கதையை அவரளவு விடாப்பிடியாகப் பரப்பியவர் அதிகம் பேர் இல்லை. ஜான் கூட் 1861 மாநாட்டில் பிரிவினைத் தரப்பு. 1901-02-இல் மாநிலத்தின் புதிய அரசியலமைப்பை எழுதிய மாநாட்டுக்கு அவரே தலைவர். வாக்களிக்கக் கட்டவேண்டிய தலைவரி, அரசியலமைப்பைப் புரிந்துகொள்ளும் சோதனை என்று வைத்துக் கறுப்பின வாக்காளர்களில் பெரும்பாலோரைப் பட்டியலிலிருந்து நீக்கியது அந்த மாநாடு. 1861-இன் முடிவையாவது மே 23 அன்று வாக்காளர்கள் முன் வைத்தார்கள், அதுவும் கூட்டத்தின் நடுவே வாய்விட்டுச் சொல்லவேண்டிய வாக்கு. 1902-இல் அதுகூட இல்லை, மக்கள் வாக்குக்கு விடாமலே புதிய அரசியலமைப்பை அறிவித்துவிட்டார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் ஜான் கூட் எழுதிய நினைவுகள் புத்தகமாக வந்தன. அவரைப் படிக்கும்போது இந்த இரண்டாவது மாநாட்டையும் சேர்த்தே படியுங்கள்.