விண்டோஸ் சர்வீஸின் செட்டிங்ஸை எங்கே வைப்பது?

விண்டோஸ் சர்வரில் சர்வீஸாக, அதாவது யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில், ஓடும் மென்பொருளுக்கு செட்டிங்ஸை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் உங்கள் மென்பொருள் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு வையுங்கள். புரோகிராம் ஃபைல்ஸில் சாதாரண கணக்கால் எழுத முடியாது.

ஆப்டேட்டா வேண்டவே வேண்டாம். அது நம்மூர் செட்டிநாட்டு வீட்டில் வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான தம்பதிக்கும்) தனி அறை இருக்கிற மாதிரி, யூசருக்கு யூசர் வேறு. காரைக்குடியில் ஒரு பாத்திரக்கடை பில்லிங் சர்வரில் என் லாகினில் போய் என் ஆப்டேட்டாவில் இருந்த போர்ட் எண்ணை மாற்றிவிட்டு, சீர்ப் பாத்திரம் எடுக்க வந்த ஆச்சிமார் பில்லுக்குக் காத்து நிற்க, ஏன் மாறவில்லை என்று அரை நாள் தேடினேன். சர்வீஸ் லோக்கல் சிஸ்டம் என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கில் ஓடியதால் அதன் ஆப்டேட்டா சிஸ்டம்32-க்குள், கான்ஃபிக் ஃபோல்டரின் சிஸ்டம்புரொஃபைலில் இருந்தது. யார் அங்கே போய்ப் பார்ப்பார்கள்?

விண்டோஸே செட்டிங்ஸ் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியும் தப்பில்லை, ஆனால் ஃபைல் என்றால் நோட்பேடில் திறக்கலாம், காப்பி எடுத்து அடுத்த சர்வரில் போடலாம். அப்புறம், புரோகிராம்டேட்டாவில் சாதாரண யூசரும் புது ஃபைல் உருவாக்க முடியும், அதனால் இன்ஸ்டாலரிலேயே உங்கள் ஃபோல்டரின் பெர்மிஷனை இறுக்கிவிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அப்படியே எழுதாமல் விண்டோஸிலேயே இருக்கும் டிபிஏபிஐ (DPAPI) என்ற பாதுகாப்பு வசதி மூலம் என்கிரிப்ட் செய்து வையுங்கள்.