மது வரிக்கு உங்கள் எம்எல்ஏ எப்படி ஓட்டுப் போட்டார்? – கேள்வி பதில்

திண்டிவனத்திலிருந்து: எங்கள் எம்எல்ஏ மது வரிக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டாரா, எதிர்த்தா? எங்கே பார்ப்பது?

பெயர்வாரியான பதிவு கிடைக்காது. தமிழக சட்டமன்றத்தில் மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்பார் சபாநாயகர். "ஆம்" சத்தம் பெரிதாக இருந்தால் நிறைவேறிவிடும். யார் "ஆம்" சொன்னார், யார் வாயே திறக்கவில்லை என்று எழுதி வைப்பதில்லை. ஓட்டுப் போட்ட நமக்கு இது தெரியாமலிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்படியானால் எண்ணவே மாட்டார்களா?

எண்ணுவார்கள். குரல் வாக்கெடுப்பின் முடிவை ஏற்காத உறுப்பினர் டிவிஷன், அதாவது ஆதரவையும் எதிர்ப்பையும் தலை எண்ணிப் பார்க்கும் வாக்கெடுப்பு, கேட்கலாம். 2017 பிப்ரவரி 18இல் எடப்பாடி பழனிசாமி அரசு மீது நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பை நினைத்துப் பாருங்கள்: ஆதரவு 122, எதிர்ப்பு 11. அந்த 11 பேர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் மீது தகுதிநீக்க வழக்கே நடந்தது. மது வரிக்கும் அப்படி எண்ணச் சொல்லும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

பாட்டிலுக்குப் பத்து ரூபாய் ஏறுகிறதே, அதற்கும் அவையில் ஓட்டு உண்டா?

பெரும்பாலும் இல்லை. ஆயத்தீர்வை (மதுவுக்கான கலால் வரி) விகிதங்கள் அரசாணை வழியாகவே மாறுகின்றன.

மது வரியால் அரசுக்கு மொத்தம் எவ்வளவு பணம்?

2023-24இல் சுமார் 45,856 கோடி ரூபாய். அதில் மதிப்புக் கூட்டு வரி 35,081 கோடி, ஆயத்தீர்வை 10,774 கோடி. மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. இவ்வளவு பெரிய தொகைக்குப் பெயர் பதிவில்லாமல் "ஆம்" சொல்வது சரியில்லை என்பேன்.

ஜிஎஸ்டி வந்த பிறகும் மதுவுக்கு மட்டும் ஏன் தனி வரி? எம்பிக்கள் இதற்கு ஓட்டுப் போட்டார்களா?

குடிக்கும் மதுவை 101ஆவது அரசியல் சட்டத் திருத்தமே ஜிஎஸ்டிக்கு வெளியே வைத்துவிட்டது. அதனால்தான் மாநிலங்கள் தாங்களே வரி போடுகின்றன. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பதால் அங்கே எண்ணியே ஆக வேண்டும். 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் 203 பேர் ஆதரவு, எதிர்ப்பு யாருமில்லை. ஆனால் அதிமுக எம்பிக்கள் வெளிநடப்பு செய்திருந்தார்கள், மாநிலத்தின் நிதி உரிமை பறிபோகிறது என்று சொல்லி. ஆகவே அந்த ஓட்டெடுப்பில் அவர்கள் பெயர் எந்தப் பக்கமும் இல்லை. வெளிநடப்பை எதிர் ஓட்டாக எண்ணிவிடாதீர்கள்.

இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சியின் கொறடா உத்தரவு இருக்கும்போது தனி ஆளின் ஓட்டுக்கு என்ன மதிப்பு?

நியாயமான கேள்வி. 1985இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். அதனால் ஓட்டை மட்டும் வைத்து ஒருவரை எடை போட வேண்டாம். மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை மானியக் கோரிக்கை (துறைச் செலவுக்குப் பணம் கேட்பது) விவாதத்தில் அவர் என்ன பேசினார், அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுத்தாரா, தன் தொகுதிக் கடையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டாரா என்று பாருங்கள். அவையின் நடவடிக்கைக் குறிப்புகளில் பேச்சு பெயரோடு இருக்கும். அப்புறம், அடுத்த முறை தெருவுக்கு வரும்போது நேரிலேயே கேளுங்கள்: "டிவிஷன் கேட்பீர்களா?"