இல்லஸ்ட்ரேட்டர், கோரல் கேள்வி-பதில்: பொண்ணு பேரு காணாம போன பத்திரிகையும் மத்த சந்தேகங்களும்

இந்த தடவை நிறைய கேள்வி வந்துருக்கு, சந்தோஷம். ஆனா பாதிப் பேரு எந்த சாஃப்ட்வேர்னே சொல்லல, ஃப்ளெக்ஸா (பேனர்) ஆஃப்செட்டான்னு (பிளேட் போட்டு பேப்பர்ல அடிக்கிறது) சொல்லல, "சார் கலர் வரல ஹெல்ப்" அப்படின்னு ஒத்த வரி. டாக்டர்கிட்ட போயி "வலிக்குது"ன்னு மட்டும் சொன்னா அவரு எங்கன்னு பாப்பாரு? ஊகிக்க முடிஞ்சத மட்டும் எடுத்துருக்கேன்.

அண்ணே, வேலை பாத்துட்டு இருக்கும்போதே திடீர்னு கலர் எல்லாம் போயி வெறும் கருப்புக் கோடா தெரியுது. ஃபைல் கரப்ட் ஆயிடுச்சா?

ஒண்ணும் ஆகல. கண்ட்ரோல் ஒய் அடிங்க, வந்துரும். வேர்டு பழக்கத்துல ரீடூன்னு நெனச்சு அடிச்சிருப்பீங்க, இல்லஸ்ட்ரேட்டர்ல அது அவுட்லைன் மோடு, கலர் இல்லாம கோடு மட்டும் காட்டும். ஒரு லேயர் மட்டும் கோடா தெரிஞ்சா லேயர் பேனல்ல அந்தக் கண்ணு மேல கண்ட்ரோல் புடிச்சு க்ளிக் பண்ணிருக்கீங்க, அதே மாதிரி திரும்ப ஒரு தடவை பண்ணா சரியாயிடும்.

அதுக்காக அவுட்லைன் மோடை திட்டாதீங்க. ஃபைல் வெளிய போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவுட்லைன்ல பாருங்கன்னு நான் சொல்லாத நாள் இல்ல. ஒரே எழுத்து ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு காப்பி கெடக்கும், கலர்ல பாத்தா ஒண்ணுதான் தெரியும். அத அப்படியே ஸ்டிக்கர் கட்டிங் பிளாட்டருக்கு அனுப்புனா பிளேடு ஒரே கோட்டுல ரெண்டு தடவை போயி அடி பேப்பரையும் சேத்து கிழிச்சுரும். வெள்ளைக்கு மேல வெள்ளையா மறைஞ்சு கெடக்குற டப்பா, வெறும் புள்ளியா நிக்கிற குப்பை, எல்லாம் அங்கதான் மாட்டும்.

மயில் கோலம் ஒண்ணு பென் டூல்ல வரைஞ்சேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் கலர் ஊத்தலாம்னு பாத்தா முழு கோலத்துக்கும் சேந்து ரொம்புது, இல்லன்னா ரொம்பவே மாட்டேங்குது.

நீங்க வரைஞ்சது கோடு மேடம், கட்டம் இல்ல. நாலு கோடு சேந்து நம்ம கண்ணுக்கு ஒரு கட்டம் மாதிரி தெரியுது, சாஃப்ட்வேருக்கு அது நாலு தனித்தனி கோடுதான். எல்லாத்தையும் செலக்ட் பண்ணி கே அடிச்சு லைவ் பெயின்ட் பக்கெட்டால ஒரு க்ளிக் பண்ணுங்க, இப்ப கோடுக்கு நடுவுல இருக்குற ஒவ்வொரு இடமும் தனிக் கட்டமா மாறிடும், மவுஸ் வச்சா செவப்புக் கோடு கட்டி காட்டும். சிஎஸ்2 காலத்துலயே, 2005-லயே வந்த சமாச்சாரம், இன்னும் பாதிப் பேருக்குத் தெரியல.

ரொம்பலன்னா எங்கயோ ரெண்டு கோடு முட்டாம நிக்குது. ஆப்ஜெக்ட் மெனுல லைவ் பெயின்ட், அதுக்குள்ள கேப் ஆப்ஷன்ஸ், அதுல சின்ன இடைவெளின்னு வச்சா போதும். பெருசுன்னு வைக்காதீங்க, மயில் தோகை நுனி மாதிரி குறுகலான இடத்துல எல்லாம் அதுவா குறுக்க கோடு போட்டுக்கும். கண்ட்ரோல் ஒய்ல பெருசாக்கிப் பாத்தாலே முட்டாத முனை தெரிஞ்சுரும், இழுத்து ஒட்டி விட்டா இன்னும் நல்லது. கலர் எல்லாம் முடிஞ்சதும் எக்ஸ்பாண்ட் பண்ணி சாதா ஷேப்பா மாத்திருங்க, லைவ் பெயின்ட்டா அப்படியே பிரஸ்ஸுக்கு அனுப்பாதீங்க.

கோரல்ல இதே வேலைக்கு ஸ்மார்ட் ஃபில். இன்க்ஸ்கேப்ல ஒரு பக்கெட் இருக்கு, ஆனா அது திரையில தெரியிற பிக்சல பாத்து ரொப்பி அப்புறம் டிரேஸ் பண்ணுது, அதனால தள்ளி நின்னு ஊத்துனா ஓரத்துல பிசிறு நிக்கும். நல்லா ஜூம் பண்ணுங்க, ஆனா கட்டம் முழுசா திரைக்குள்ள இருக்கணும்.

டிரேஸ் பண்ண சாமி படத்துல ஒவ்வொரு கலருக்கும் நடுவுல மெல்லிசா வெள்ளைக் கோடு. பிரிண்ட்ல வருமா?

ஜூம் பண்ணிப் பாருங்க. எவ்வளவு பெருசாக்குனாலும் கோடு அதே மயிரிழையாவே இருந்தா அது திரையோட கோளாறு, ஆன்டி அலியாசிங் (திரையில ஓரத்தை வழவழப்பா காட்டுறது) பண்ற வேலை, ஆஃப்செட் பிளேட்ல வராது. ஜூம் பண்ணப் பண்ண கோடும் தடிச்சுட்டே வந்தா நெசமாவே இடைவெளி இருக்கு. சந்தேகம்னா பிரிஃபரன்சஸ்ல ஜெனரல்ல ஆன்டி அலியாஸ்டு ஆர்ட்வொர்க் டிக்கை எடுத்துட்டுப் பாருங்க. ஆனா பிஎன்ஜி, ஜேபிஜி எக்ஸ்போர்ட் பண்றப்ப இந்தக் கோடு கூடவே வந்து தொலைக்கும், அதுக்கு படத்துக்கு அடியில கிட்டத்தட்ட அதே கலர்ல ஒரு மொத்த ஷேப் போட்டுட்டா மறைஞ்சுரும்.

கலர் மாத்துவது எப்படி?

எதுல?

சார், திரையில பளிச்சுன்னு நீலம், ஃப்ளெக்ஸ் வந்தா கத்திரிப்பூ கலர்ல இருக்கு. பிரஸ்காரர் மேல தப்பா என் மேல தப்பா?

உங்க மேலதான். புது ஃபைல் தொறக்கும்போது வெப் டாக்குமெண்ட்னு தொறந்துருப்பீங்க, அது ஆர்ஜிபி, திரையோட கலர் கணக்கு. அந்தப் பளிச் நீலம் பிரிண்டோட நாலு மை கணக்கான சிஎம்ஒய்கேக்கு (சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) மாறும்போது சயான் ஒரு 90, மெஜந்தா ஒரு 75, 80-ன்னு போயி நிக்கும். மெஜந்தா சயானுக்கு அவ்வளவு பக்கத்துல வந்தாலே நீலம் ஊதாப் பக்கம் சாஞ்சுரும். சயான் 100 வச்சா மெஜந்தா 60, 65-க்கு மேல போகாதீங்க, ரெண்டுக்கும் நடுவுல 30-ஆவது வித்தியாசம் இருக்கணும். கிளிப்பச்சையும் இதே கதைதான், திரையில எரியிற மாதிரி தெரியிற பச்சையை நாலு கலர் மையில கொண்டாரவே முடியாது.

கடைசி நிமிஷத்துல டாக்குமெண்ட் கலர் மோடை மாத்துறதும் உதவாது. மங்குன கலர் மங்குனதுதான், திரும்ப ஆர்ஜிபிக்குப் போனாலும் பழைய கலர் வராது. முதல்லயே சிஎம்ஒய்கேல தொறந்து, கலரை கண்ணால பாக்காம நம்பரைப் பாத்து வைங்க. உங்க மானிட்டர் பொய் சொல்லும், கஸ்டமரோட ஃபோன் அதவிட பெரிய பொய் சொல்லும். ராத்திரி பதினோரு மணிக்கு பிரைட்னஸ்ஸ முழுசா வச்சு வாட்ஸ்அப்ல பாத்து "ஓகே" போட்டவருதான் காலைல ஃப்ளெக்ஸ் முன்னாடி நின்னுட்டு "நான் பாத்தது இந்தக் கலர் இல்லையே"ன்னு சொல்லுவாரு. அந்த வாட்ஸ்அப் ஜேபிஜில ஐட்ராப்பர் வச்சு கலர் எடுக்குற தம்பிங்களுக்கும் சேத்துதான் சொல்றேன்.

மெரூன் கலர் அட்டைல வெள்ளை எழுத்து போட்டேன். பிடிஎஃப்ல இருக்கு, கலர் பிரிண்ட் எடுத்தா இருக்கு, ஆஃப்செட்ல அடிச்சு வந்தா எழுத்தே இல்ல, வெறும் மெரூனா இருக்கு. பிளேட் போட்டவங்க தப்புன்னு சண்டை போட்டுட்டு இருக்கேன்.

சண்டையை நிறுத்துங்க. நானும் இதே சண்டை போட்டு அசிங்கப்பட்டவன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பத்து பன்னெண்டு வருஷம் இருக்கும். கல்யாணப் பத்திரிகை, 800 அட்டை, அரக்கு கலர் மேல வெள்ளையில மாப்பிள்ளை பேரும் பொண்ணு பேரும். அடிச்சு, மடிச்சு, கட்டு கட்டி அனுப்பியாச்சு. சாயங்காலம் பொண்ணோட அப்பா ஒரு அட்டையோட வந்து நிக்கிறாரு, சத்தம் எல்லாம் போடல, அட்டையை டேபிள் மேல வச்சு விரலால காட்டுறாரு. மாப்பிள்ளை பேரு ஜம்முனு இருக்கு, கீழ "திருவளர்செல்வி"ன்னு இருக்கு, அதுக்கு அடுத்து ஒண்ணும் இல்ல, அரக்கு மட்டும்தான். எனக்கு வேர்த்துப் போச்சு. சிஸ்டம்ல தொறந்து பாத்தா பேரு இருக்கு! நேரா பிளேட் போட்ட இடத்துக்குப் போயி கத்துனேன். அங்க இருந்த பெரியவர் ஒருத்தர் பொறுமையா என் ஃபைலைத் தொறந்து ஓவர்பிரிண்ட் ப்ரிவ்யூ போட்டாரு, அவ்வளவுதான், என் கண்ணு முன்னாடியே பொண்ணு பேரு மறைஞ்சுருச்சு.

என்ன நடந்துச்சுன்னா, உள்பக்கத்துல சந்தன கலர் மேல சின்னக் கருப்பு எழுத்துல விலாசம் எல்லாம் இருந்துச்சு. கருப்பு எழுத்துக்கு ஓவர்பிரிண்ட் ஃபில் வைக்கிறது நல்ல பழக்கம்தான், ரிஜிஸ்டர், அதாவது பிளேட் ஒண்ணோட ஒண்ணு பொருந்துறது, லேசா நகர்ந்தாலும் எழுத்தைச் சுத்தி வெள்ளை விளிம்பு தெரியாது. நான் பொண்ணு பேரைப் புதுசா அடிக்காம அந்த விலாசத்துல இருந்த ஒரு வரியைக் காப்பி பண்ணி, எழுத்தை மாத்தி, கலரை வெள்ளையாக்கிட்டேன். கலர் மாறுச்சு, ஓவர்பிரிண்ட் அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வெள்ளைன்னா நாலு பிளேட்லயும் மை பூஜ்யம், ஓவர்பிரிண்ட்னா கீழ இருக்குற கலரை வெட்டாதேன்னு அர்த்தம். ஒண்ணும் இல்லாதத கீழ இருக்குறதுக்கு மேல அடின்னா என்ன வரும்? ஒண்ணும் வராது. மாப்பிள்ளை பேரு புதுசா அடிச்சது, அதனால தப்பிச்சுருச்சு. சாதாரண ப்ரிவ்யூல இது தெரியவே தெரியாது, சாதா பிடிஎஃப் வியூவர்லயும் கலர் பிரிண்டர்லயும் பெரும்பாலும் தெரியாது, பிளேட்லதான் பல்லைக் காட்டும்.

அப்புறம் ரெண்டு ராத்திரி ஸ்கிரீன் பிரிண்டிங்ல கோல்டு மையில 800 அட்டைலயும் பொண்ணு பேரை அடிச்சோம். மாப்பிள்ளை வெள்ளையில, பொண்ணு தங்கத்துல. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு, அது வேற விஷயம். காசு என் கையில இருந்து போச்சு.

அதனால என்ன பண்ணணும்னா: வியூ மெனுல ஓவர்பிரிண்ட் ப்ரிவ்யூ, ஆல்ட் ஷிஃப்ட் கண்ட்ரோல் ஒய். அடிச்சுப் பாருங்க, எது மறையுதோ அத செலக்ட் பண்ணி அட்ரிப்யூட்ஸ் பேனல்ல ஓவர்பிரிண்ட் ஃபில் டிக்கை எடுங்க. கூடவே செபரேஷன்ஸ் ப்ரிவ்யூ பேனலைத் தொறந்து கருப்பை மட்டும், மெஜந்தாவை மட்டும்னு ஒவ்வொரு பிளேட்டா அணைச்சு அணைச்சுப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை. டாக்குமெண்ட் செட்டப்ல வெள்ளை ஓவர்பிரிண்டைத் தள்ளிவிடுன்னு ஒரு டிக் இருக்கு, அதையும் போட்டு வைங்க, ஆனா அத நம்பி தூங்காதீங்க, பழைய ஃபைல்ல அது இல்லாம இருக்கலாம். கோரல்ல வியூ மெனுல சிமுலேட் ஓவர்பிரிண்ட்ஸ். அக்ரோபாட் வச்சிருக்கவங்க பிரிஃபரன்சஸ்ல ஓவர்பிரிண்ட் ப்ரிவ்யூவை எப்பவுமேன்னு மாத்திக்கோங்க.

பிளேட் போட்டவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுருங்க தம்பி. நான் கேட்டேன்.

கோரல்ல தமிழ் எழுத்தை கர்வ் ஆக்கி (ஃபான்ட் இல்லாம வெறும் வடிவமா மாத்தி) கம்பைன் பண்ணா சில இடத்துல ஓட்டை விழுது. ஃபான்ட் சரியில்லையா?

ஃபான்ட் மேல தப்பு இல்ல. "கி"ல மேல்விலங்கு 'க' மேல ஏறுற இடம், நெருக்கிப் போட்ட ரெண்டு எழுத்து உரசுற இடம், அங்கதான் விழுந்துருக்கும். கம்பைன் பண்ணா ஒண்ணு மேல ஒண்ணு வர்ற இடத்தை கோரல் காலின்னு எடுத்துக்கும், 'க' உள்ள இருக்குற கண்ணு திறந்து தெரியிறதும் அதே கணக்குலதான். ஒட்டுறதுக்கு வெல்ட் பண்ணுங்க. கண்ட்ரோல் கே போட்டு உடைச்சிருந்தா 'க', 'ண' எல்லாம் உள்பக்கம் அடைச்சுக்கிட்டு இருக்கும், முதல்ல அந்தந்த எழுத்தைத் தனித்தனியா கம்பைன் பண்ணி கண்ணைத் திறந்துட்டு அப்புறம் வெல்டு. வேலை முடிஞ்சதும் ஒயர்ஃப்ரேம்ல ஒரு தடவை பாருங்க.

கருப்பு திரையில கன்னங்கரேல்னு இருக்கு, அடிச்சா சாம்பல் மாதிரி இருக்கு.

வெறும் கே 100, அதாவது கருப்பு மை மட்டும் வச்சிருக்கீங்க. பிரிஃபரன்சஸ்ல அப்பியரன்ஸ் ஆஃப் பிளாக்னு ஒண்ணு இருக்கு, அதுல எல்லாக் கருப்பையும் உள்ளபடி காட்டுன்னு மாத்துங்க, அப்பதான் வெறும் கே எவ்வளவு வெளிறிப் போயி இருக்குன்னு திரையிலயே தெரியும். பெரிய இடத்துக்கு சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 வைங்க. சின்ன எழுத்துக்கு மட்டும் இத வச்சுராதீங்க, நாலு பிளேட் துளி நகர்ந்தாலும் எழுத்து மங்கலா கலர் கலரா தெரியும், எழுத்துக்கு கே 100 மட்டுந்தான். நாலும் 100-ன்னு வைக்கிற புண்ணியவான்கள் இருக்காங்க, 400 சதவீதம் மை எந்தப் பேப்பர்ல காயும்? 300-ஐத் தாண்டாதீங்க.

அப்டேட் பண்ணதும் பான்டோன் புக் (நம்பர் போட்ட ரெடி கலர் லிஸ்ட்) காணோம்.

2022 கடைசில இருந்தே பெரும்பாலானதை அடோபிகாரங்க எடுத்துட்டாங்க. இப்ப பான்டோன் கனெக்ட்னு தனியா சந்தா கட்டணும். ஸ்பாட் கலர் (தனியா கலந்த மை) அடிக்கிற வேலைன்னா எப்படியும் திரையை நம்பக்கூடாது, பிரஸ்ல இருக்குற பேப்பர் ஷேட் கார்டைப் பாத்து நம்பர் சொல்லுங்க.

ஒரு லோகோ கலர் 40 இடத்துல இருக்கு, கஸ்டமர் தினம் ஒரு கலர் சொல்றாரு. ஒவ்வொண்ணா மாத்தி கை வலிக்குது.

ஆரம்பத்துலயே ஸ்வாட்ச்ல (சேத்து வச்ச கலர் கட்டம்) குளோபல்னு டிக் போட்டுருந்தா இந்த வலி இல்ல. ஸ்வாட்ச்சோட மூலையில குட்டியா வெள்ளை முக்கோணம் இருந்தா அது குளோபல், டபுள் க்ளிக் பண்ணி நம்பரை மாத்துனா 40 இடமும் மாறிடும். இப்ப வச்சிருக்குற ஃபைலுக்கு, ஒண்ணை செலக்ட் பண்ணி செலக்ட் மெனுல சேம், ஃபில் கலர், எல்லாம் மாட்டும், அப்பவே குளோபல் ஸ்வாட்ச்சைப் போட்டு விட்டுருங்க. ஒரே நம்பரா இருந்தாதான் மாட்டும், ஒண்ணு 98 ஒண்ணு 100-ன்னு இருந்தா விட்டுட்டுப் போயிடும், ஐட்ராப்பர் கோஷ்டி ஃபைல்ல அப்படித்தான் இருக்கும். அதுக்கு ரீகலர் ஆர்ட்வொர்க் போங்க, எத்தனை தினுசு நீலம் இருக்குன்னு வரிசையா காட்டும். ஒருத்தர் அனுப்புன லோகோல நான் எண்ணிப் பாத்தேன், ஒரே செவப்புன்னு சொன்னாரு, 11 செவப்பு இருந்துச்சு.

கலர் குடுத்தா உள்ள ரொம்பாம பார்டர்ல போயி விழுது அண்ணே.

எக்ஸ் அடிங்க.