செலவு நின்றுவிட்டது, கடன் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை; கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். திருமணமான புதிதில் ஃபிரிட்ஜ், செல்போன், ஹோட்டல், கொடைக்கானல் என்று கிரெடிட் கார்டில் தாராளமாகச் செலவழித்தேன். இரண்டு வருடங்களாக அதையெல்லாம் அடியோடு விட்டுவிட்டேன். பெட்ரோலுக்கும் மளிகைக்கும் மட்டும்தான் கார்டைத் தேய்க்கிறேன். மாதம் தவறாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டியும் நிலுவை 1,80,000 ரூபாயை விட்டு இறங்கவில்லை. மனைவிக்கு இது தெரியாது. அவருடைய நகையில் கை வைக்காமல் மீள வழி உண்டா?

பதில்: கொடைக்கானலை நினைத்து வருந்தியது போதும். நீங்கள் இப்போது கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. உங்கள் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். மாத வட்டி 3.5 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால் 1,80,000 ரூபாய்க்கு வட்டி 6,300. அந்த வட்டிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. 1,134. குறைந்தபட்சத் தொகை 5 சதவிகிதம் என்றால் நீங்கள் கட்டுவது 9,000. அசலில் கழிவது 1,566 ரூபாய்தான்! இந்தக் கணக்குப்படி, புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் ஒரு வருடம் கட்டினால், ஒரு லட்சத்துக்கு மேல் உங்கள் கையிலிருந்து போயிருக்கும். கடன் சுமார் 18,000 குறைந்திருக்கும்.

உங்களுக்கு அந்த 18,000 கூடக் குறையாததற்குக் காரணம் பெட்ரோலும் மளிகையும். முந்தைய நிலுவையை முழுவதும் கட்டாதவருக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. இன்று காலை போட்ட பெட்ரோலுக்கு இன்றிலிருந்தே வட்டி. பழைய பழக்கத்தை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். விட்டது பெரிய செலவுகளை மட்டும்தான். சம்பளம் வருவதற்கு முன்பே செலவழிக்கும் பழக்கம் அப்படியே இருக்கிறது. முதலில் கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள், செயலிகளில் சேமித்து வைத்த எண்ணையும் நீக்குங்கள். ஒரு மாதம் கையைக் கடிக்கும். கடிக்கட்டும்.

அடுத்தது, கடனை இடம் மாற்றுவது. சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் தனிநபர் கடன் கேளுங்கள். ஆண்டுக்கு 15 சதவிகித வட்டியில் கிடைத்தால்கூட, 24 மாதங்களுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 8,730 ரூபாய். இப்போது கட்டுவதைவிடக் குறைவு. இரண்டு வருடத்தில் கடன் தீர்ந்துவிடும். பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கி நகைக்கடனில் வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் நகையைத் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மனைவி. விஷயமே தெரியாதவரிடம் எப்படிக் கேட்பீர்கள்? மாதம் 9,000 ரூபாய் எங்கே போகிறது என்று தெரியாமல் அவர் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார். இந்த வாரமே ஸ்டேட்மென்ட்டை அவரிடம் காட்டுங்கள். அவர் சம்மதித்து அடகு வைத்தால், அசலும் வட்டியும் மாதாமாதம் கட்டும் திட்டத்தையே கேளுங்கள். ஒரு வருடம் கழித்து மொத்தமாகக் கட்டலாம் என்ற வசதி உங்களுக்கு வேண்டாம்.

'செட்டில்மென்ட்' செய்து தருகிறோம் என்று யாராவது அழைத்தால் ஒதுங்கிவிடுங்கள். முழுதாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்த கடன் என்று, உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் பதிவாகும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அதுவே குறுக்கே நிற்கும். நீதிமன்றம் வட்டியைக் குறைக்கும் என்றும் காத்திருக்க வேண்டாம். ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

புதிய கடன் கைக்கு வந்த அன்றே கார்டு நிலுவையை முழுவதும் அடைத்துவிடுங்கள். அடுத்த மாதமும் ஒரு சிறு தொகை பில்லில் வரும். கடைசி ஸ்டேட்மென்ட்டுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. அதையும் கட்டிவிட்டு, கார்டை ரத்து செய்ய எழுதிக் கொடுங்கள். நிலுவை இல்லாத கார்டை 7 வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி உங்களுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.