சுழற்சிக்கு ஏற்ற புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?

கேள்வி: வாரத்தில் நான்கு நாள் பளு தூக்கிப் பயிற்சி செய்கிறேன். மாதவிடாய் சுழற்சியின் முதல் பாதிக்கு ஒரு டப்பா, பின்பாதிக்கு இன்னொரு டப்பா என்று ஒரு புரோட்டீன் பவுடர் விளம்பரம் பார்த்தேன். கூடவே நாள் கணக்குப் பார்க்கும் செயலிக்குச் சந்தாவும் கட்ட வேண்டுமாம். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் தசை சீக்கிரம் சோர்ந்துபோவது எனக்கு நன்றாகவே தெரிகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் சோர்வு உண்மைதான். ஆனால் அதைத் தீர்க்கும் பொருள் அந்த டப்பாக்களில் இல்லை.

பளு தூக்கும்போது தசை முதலில் செலவழிப்பது பாஸ்போகிரியேட்டினை, அதாவது தசையில் உடனடி ஆற்றல் தரும் பொருளை. ஒரு செட் முடிந்ததும் அரை நிமிடத்தில் ஏறக்குறைய பாதி மீண்டுவிடும். 3 முதல் 5 நிமிடத்தில் பெரும்பகுதி வந்துவிடும். இதற்கு ஓய்வும் ஆக்ஸிஜனும் போதும். நீண்ட பயிற்சியில் கரைவது கிளைக்கோஜன், அதாவது தசையில் சேமித்து வைத்த மாவுச்சத்து. அது முழுக்கத் தீர்ந்தால் மறுபடி நிரம்ப ஒரு நாள் வரை ஆகும்.

விளம்பரம் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். கருமுட்டை வெளியான பிறகு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்து உயர்ந்திருக்கும். அப்போது கிளைக்கோஜனைச் சேமிப்பதும் செலவழிப்பதும் கொஞ்சம் மாறுவதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மாவுச்சத்து போதுமான அளவு சாப்பிட்டால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. 2020-இல் 78 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாதவிடாயின் தொடக்க நாட்களில் மட்டும் உடல்திறன் மிக மிகச் சிறிதளவு குறையலாம் என்றுதான் தெரிந்தது. பல ஆய்வுகளின் தரமும் குறைவு. அதனால் எல்லோருக்கும் ஒரே விதி சொல்ல முடியாது, அவரவர் உடலைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றே அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். இதை வைத்து இரண்டு டப்பா விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

செயலியும் அப்படித்தான். சுழற்சி 21 நாளாகவும் இருக்கலாம், 35 நாளாகவும் இருக்கலாம். கருமுட்டை வெளியாகும் நாளும் மாதத்துக்கு மாதம் நகரும். வெறும் தேதியை வைத்துச் சொல்வது ஊகம்தான். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கோ அந்தக் கணக்கே பொருந்தாது.

சரி, எதற்குச் செலவு செய்யலாம்? பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் புரதம் போதும். சாப்பாட்டில் அது கிடைக்காவிட்டால் சாதாரணப் பவுடர் ஒன்றே போதும். தசையின் பாஸ்போகிரியேட்டின் சேமிப்பைக் கூட்டும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் பவுடரைத் தினமும் 3 முதல் 5 கிராம் எடுப்பது நன்றாகச் சோதிக்கப்பட்டது. எந்த வாரத்திலும் அதே அளவுதான். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ மட்டும் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். லேபிளில் ஒவ்வொரு பொருளின் அளவும் தனித்தனியாக இல்லாத கலவையை வாங்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: உதிரப்போக்கு அதிகமா? அப்படியென்றால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம், அதுவே சோர்வுக்குக் காரணமாகவும் இருக்கலாம். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்க வேண்டாம்.

கேள்வி: என் தங்கை இதை ஏற்கெனவே வாங்கிவிட்டாள். இப்போது என்ன செய்வது?

பதில்: பவுடரை வீணாக்க வேண்டாம், எந்த டப்பாவை எந்த வாரம் குடித்தாலும் புரதம் புரதம்தான். செயலியை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது. போனின் சந்தாப் பகுதிக்குப் போய்த் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், கணக்கை மூடும்முன் அவருடைய மாதவிடாய்த் தேதிகளையும் நீக்கும்படி நிறுவனத்துக்கு எழுதச் சொல்லுங்கள்.