மடியில் மல்லாந்த கிட்டார்: கேள்வி-பதில்

ஸ்டீல் கிட்டார் எஃகால் செய்ததா?

இல்லை. வாசிப்பவரின் இடக்கையில் இருக்கும் கட்டைதான் எஃகு. கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தந்திகளை மெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில்) படாதபடி உயர்த்திக் கட்டி, மேலே கட்டையை வழுக்கிக்கொண்டு போவார்கள். உடல் பெரும்பாலும் மரமே. இதே கேள்வியோடு வரும் கடிதங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முதலில் வாசித்தவர் யார்?

ஹவாயில் 1874இல் பிறந்த ஜோசப் கெகூக்கு என்பதே பலரும் ஏற்கும் பதில். ஹொனலுலுவில் கமேஹமேஹா பள்ளியில் படித்தபோது, 1889 வாக்கில். ரயில் பாதையில் எடுத்த போல்ட் தந்தியில் பட்டதுதான் தொடக்கம் என்று கதை சொல்வார்கள். சீப்பு, கத்தி என்று மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் பள்ளிப் பட்டறையில் கட்டை செய்துகொண்டாரே, எனக்கு அதுதான் பெரிது. இந்தியாவில் பிறந்தவர் என்று சொல்லப்படும் கேப்ரியேல் டேவியன் பெயரையும் சிலர் முன்வைக்கிறார்கள்.

சில கிட்டார்களின் வயிற்றில் சல்லடை மூடி எதற்கு?

திறந்து பார்த்தால் புரியும். உள்ளே மெல்லிய அலுமினியக் கூம்பு. விரலால் அழுத்தினால் நசுங்கிவிடும். தந்தியின் அதிர்வு குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) வழியே கூம்பில் இறங்க, அது ஒலிபெருக்கி போலக் காற்றைத் தள்ளும். மின்சாரமே வேண்டாம். பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே தன் கிட்டார் அமுங்கிப் போகிறதே என்று கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பீச்சம் கேட்க, ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய ஜான் டோப்யெரா லாஸ் ஏஞ்சலிஸில் இதைச் செய்தார். 1927இல் வந்த நேஷனல் நிறுவனக் கிட்டாரில் மூன்று கூம்புகள், ஜெர்மன் சில்வர் (வெள்ளி இல்லாத செம்பு-நிக்கல் கலவை) உடல். பிறகு நிறுவனத்துக்குள் சண்டை. டோப்யெரா பிரிந்து போய், ஒற்றைக் கூம்பைக் கிண்ணம் போல நிமிர்த்தி, அதன் விளிம்பில் எட்டுக்கால் சிலந்தி போன்ற தாங்கியை ஊன்றினார். அதுதான் டோப்ரோ, டோப்யெரா சகோதரர்கள் என்பதன் சுருக்கம். ஸ்லோவாக் மொழியில் 'நல்லது' என்றும் பொருள். பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள்!

பிறகு கூம்புக் கிட்டார் ஏன் ஓரங்கட்டப்பட்டது?

பீச்சமே காரணம். பட்டறை நடத்திய அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1931இல் மின்காந்தத்தால் ஒலியெழுப்பும் ஸ்டீல் கிட்டாரை உருவாக்கினார். வார்ப்பு அலுமினியம், வட்ட உடல், நீண்ட கழுத்து. 'வாணலி' என்றே பெயர் விழுந்தது. ஓசைக்குக் கூம்பு தேவையில்லாமல் போயிற்று.

நம் கோட்டுவாத்தியமும் இதுதானே?

கட்டையை வழுக்கும் முறை ஒன்றுதான், வாத்தியம் வேறு. வீணை போன்ற கோட்டுவாத்தியத்தில் மெட்டே கிடையாது. கிட்டாரை மடியில் கிடத்திய நிலையிலேயே இந்துஸ்தானி ராகத்துக்குப் பழக்கியவர் பிரிஜ் பூஷண் காப்ரா. விஸ்வமோகன் பட் அதில் கூடுதல் தந்திகள் பூட்டி மோகன வீணை என்றார்; 1994இல் கிராமி விருதும் வாங்கினார்.