சீனா போகும் முன் செல்போனில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: மாங்கூழ் ஏற்றுமதி தொடர்பாகக் குவாங்சோ போகிறேன். அங்கே வாட்ஸ்அப், ஜிமெயில் திறக்காதாமே? என் தகவல்களை எப்படிப் பாதுகாப்பது?
- வாசகர், போச்சம்பள்ளி

பதில்: ஆமாம், இரண்டுமே அங்கு முடக்கப்பட்டவை. பிளே ஸ்டோரும் கிடைக்காது. தேவையான செயலிகளைக் கிளம்பும் முன்பே ஏற்றி அப்டேட் செய்துவிடுங்கள்.

நம்மூர் சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டுக்கொள்வதுதான் நல்ல வழி. ரோமிங் டேட்டா பெரும்பாலும் இங்குள்ள நிறுவனத்தின் வழியாகவே இணையத்துக்குப் போவதால் வாட்ஸ்அப் வழக்கம்போல் இயங்கும். ஓட்டல் வைஃபைக்கு மாறியதும் நின்றுவிடும். பழுது என்று நினைத்துச் செயலியை அழித்துவிடாதீர்கள், திரும்ப ஏற்றுவது சிரமம். வங்கி ஓடிபிக்கும் இந்த சிம் வேண்டும். தடையைத் தாண்டி இணையத்தைத் திறக்க உதவும் விபிஎன் (VPN) செயலி, அரசு அனுமதி இல்லாததாக இருந்தால் அங்கே சட்டவிரோதம். அதை நம்பிப் போக வேண்டாம்.

கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) இயக்கினால், போன் கையில் இல்லாதபோதும் உள்ளே நுழைய உதவும் 10 பேக்கப் குறியீடுகள் எடுக்கலாம். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும். தாளில் எழுதி, போனோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.

வைஃபையில் பிரௌசர் சான்றிதழ் எச்சரிக்கை (இந்தத் தளம் உண்மையானதுதானா என உறுதிசெய்ய முடியவில்லை என்ற அறிவிப்பு) காட்டினால் மேலே போகாதீர்கள். நடுவில் யாரோ புகுந்து படிக்க முயலலாம்.

அங்குள்ள வியாபாரிகள் வீசாட் (WeChat) என்ற சீனச் செயலியில்தான் பேசுவார்கள். அதில் முழுமறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடியும் என்ற பாதுகாப்பு) கிடையாது. சரக்கு, சந்திப்பு நேரம் பேசலாம். பாஸ்போர்ட் நகல், வங்கி விவரம் கூடவே கூடாது.

குடியேற்றச் சோதனைக்கு முன் போனை அணைத்துவிடுங்கள். மறுபடி இயக்கி, திறப்பதற்கான பின் (PIN) எண் போடும்வரை உள்ளிருக்கும் தகவலை எடுப்பது மிகக் கடினம். விரல்ரேகையும் அதுவரை வேலை செய்யாது.